காலண்டரில் இல்லாத வாசகம்

முகையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சாயங்காலக் கோவில் மணி அடித்ததும் அம்மா வேதப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துவிடுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆறாவது படித்த நான்தான் வாசிக்க வேண்டும். கோவில் காலண்டரில் அன்றைய நற்செய்தி எதுவென்று போட்டிருக்கும். அதை மூன்று தரம், அவசரப்படாமல். நடுநடுவே பேச்சு மூச்சு கூடாது. முடிந்ததும் மனசில் ஒட்டிய ஒரு சொல்லை ஆளாளுக்குச் சொல்வோம். மறுநாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டும்போதும் அம்மா அந்தச் சொல்லைக் கற்கண்டு மாதிரி வாயில் அடக்கிக்கொண்டிருப்பாள். மடத்துக் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த தியானம் இது. எனக்கோ அந்த மௌனத்தில் கொசுக்கடி தவிர எதுவும் ஒட்டாது.

அந்த வருஷம் அக்காவுக்கு ரத்தத்தில் நோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அப்பா யாரிடமும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் காலண்டரைப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்தேன். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றிய பகுதி. பக்கத்தில் பாயில் அக்கா. சட்டென்று பக்கத்தைப் புரட்டி, செத்துப்போன சிறுமியை இயேசு ‘எழுந்திடு’ என்று கையைப் பிடித்து எழுப்பும் இடத்தை மூன்று தரமும் திக்காமல் வாசித்தேன்.

அதில் எழுந்த சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்வார் இயேசு. “எனக்கு அந்த ‘சாப்பிட’தான்,” என்றாள் அக்கா. ஒரு வாய்க் கஞ்சி உள்ளே தங்காதவள், “கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லியிருப்பாரு,” என்று சிரிக்கவும் செய்தாள்.

அம்மா வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, “எழுந்திடு,” என்றாள்.

அதற்கப்புறம் காலண்டர்படிதான் வாசித்தேன். அம்மா புதிதாக எந்தச் சொல்லையும் எடுக்கவில்லை. அடுப்பு ஊதும்போதும், அக்காவுக்குத் துணி மாற்றும்போதும் அதே ‘எழுந்திடு’. உண்மையைச் சொன்னால் அம்மா தோலை உரிப்பாள், சொல்லாவிட்டால் சாமி சும்மா விடாது.

அதிலிருந்து பதினெட்டாம் நாள் காலை அக்கா போய்விட்டாள். சவப்பெட்டி வரும்வரை அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லையே சொன்னாள். முதலில் மெதுவாக. அப்புறம், பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் அதட்டுவாளே, அப்படி. என் பொய்தான் அக்காவைக் கொன்றது என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடக்கத்துக்கு மறுநாளும் மணி அடித்தது. அம்மா புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

“காலண்டர்ல போட்டிருக்கறதையே படிம்மா,” என்றாள். “அன்னைக்குக் காலைப் பூசையிலயே கோதுமை மணியத்தான் படிச்சாங்க. கேட்டுக்கினுதான் வந்தேன்.”

அடி விழும் என்று முகத்தை மூடிக்கொண்டேன். விழவில்லை. தப்பித்த நிம்மதியில் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

இன்றும் ஊருக்குப் போனால் மூன்று தரம் வாசிக்கிறேன். எந்தச் சொல் என்று கேட்டால், “ஒண்ணும் ஒட்டலம்மா,” என்கிறாள். அன்று காலை கடவுள் கொடுத்ததைக் கேட்ட பிறகுதான், சாயங்காலம் பதினொரு வயதுப் பிள்ளை கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.