ஈறில் ரத்தம் வந்ததற்கு நான் சொன்ன வைத்தியம்

கௌசல்யாவின் கீழ் உதட்டை விலக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கீழ்வரிசை முன்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் மஞ்சளாகத் தெரிந்தது. பல் லேசாக ஆடியது. ஈறின் ஆழம் பார்க்கும் புரோப்பை வைத்ததுமே ரத்தம் வந்தது. "எத்தனை நாளாம்மா இப்படி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

உத்திரமேரூரில் அந்தப் பல் கிளினிக்கில் நான் இருபது வருஷமாக அசிஸ்டெண்ட். போன் எடுப்பதும் நான்தான். பாதி கேஸைப் போனிலேயே முடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

கௌசல்யா மானாம்பதிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கம்பெனி வேலை. பல் வரிசையைச் சரிசெய்யக் கம்பி வேண்டாம் என்று, பல்லின் மேல் மாட்டுகிற அலைனர் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் அதைக் கண்ணாடிக் கிளிப்பு என்பார்கள். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும்தான் கழற்ற வேண்டும். அவள் அதை விரதம் மாதிரிக் கடைப்பிடித்தாள். ஷிப்டு வேலை என்பதால், ஒன்று மாற்றி ஒன்று போட வேண்டிய கிளிப்புகளில், அதாவது டிரேக்களில், ஐந்தைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தோம். அதனால் இரண்டு மாதம் அவள் நேரில் வரவில்லை.

நடுவில் ஒரு நாள் போன் செய்தாள். "அக்கா, பல்லு தேய்ச்சா ரத்தம் வருதுக்கா. கிளிப்பு மாட்டிக்கினு இருக்கிறதாலயா?"

வெயில் கொளுத்திய சமயம். வாய்ப்புண் ஆனாலும் கண் எரிச்சல் ஆனாலும் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம். நானும் அந்த ஊர்க்காரிதானே.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. ஒடம்புல சூடு ஏறிக்கினு கீது. மோரு குடி. வெள்ளிக்கெழம எண்ணெ தேய்ச்சுக் குளி. ரத்தம் வர்ற எடத்துல மட்டும் ரெண்டு நாளு பிரஷ்ஷ வுட்டுடு" என்றேன். டாக்டரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மோரும் குடித்தாள், எண்ணெயும் தேய்த்தாள். ரத்தம் நிற்காததால் அந்த இடத்தில் பிரஷ்ஷே வைக்காமல் விட்டுவிட்டாள்.

இப்போது டாக்டர் கேட்டதற்கு அவள் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். "கொஞ்ச நாளாத்தான் சார். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இல்ல சார். அது போன் பண்ணிச்சு. சூடுன்னு நான்தான் சொன்னேன். பிரஷ் வேணாம்னும் நான்தான் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நாள் முழுக்கப் பல்லை மூடியிருக்கிற டிரேக்குள் எச்சில் போய் அலசாது, அழுக்கு அங்கேயே தங்கி ஈறு வீங்கும், அதனால் ரத்தம் வந்தால் இன்னும் நன்றாகத்தான் தேய்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். டிரேயின் ஓரம் வேறு ஈறை அழுத்தியிருந்தது. எலும்பு மெலிந்த இடத்தில் பல்லை வெளிப்பக்கம் தள்ளியதும் சேர்ந்துகொண்டது. பல் வரிசையையே பார்த்து ஈறைக் கவனிக்காமல் ஐந்து டிரே கொடுத்து அனுப்பியது தன் தப்பு என்றும் சொன்னார்.

டிரேயை நிறுத்தினோம். சுத்தம் செய்து, ஓரத்தை வெட்டி வழவழப்பாக்கி, வாராவாரம் வரச் சொன்னோம். ரத்தம் நின்றது. ஆட்டமும் குறைந்தது. அதிலிருந்து எந்தப் போன் வந்தாலும் எழுதி டாக்டர் மேஜையில் வைத்துவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

அப்படி ஒரு வாரம் வந்தபோது கௌசல்யா கண்ணாடியில் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்கின ஈறு தானா மேல வந்துடுமாக்கா?" என்று கேட்டாள்.

'எல்லாம் சரியாப் பூடும்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா. வா, டாக்டரக் கேக்கலாம்" என்றேன்.

தானாக வராது, அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டிப் பார்க்கலாம், அப்போதும் முழுசாக மூடுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். இருபது வருஷத்தில் ஒரு பேஷண்டிடம் 'தெரியல' என்று நான் சொன்னது அன்றைக்குத்தான்.