கொலுவுக்குப் புறப்பட்ட டைனோசர் எலும்பு

அரியலூர்ப் பக்கம் போக வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்காக இது. தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை நான் போனேன். காலமான என் கணவர் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவர். ஓடைக்கரையில் பாதி புதைந்து கிடந்த ஒரு டைனோசர் எலும்பை, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தன் தொப்பியை வைத்து, அவர் எடுத்த புகைப்படம் என்னிடம் இருந்தது. அந்த எலும்பை அது கிடக்கும் இடத்திலேயே ஒரு முறை பார்க்க ஆசைப்பட்டேன்.

காலை நாலரைக்கு மயிலாப்பூரில் வாடகை அம்பாசடர் வந்தது. டிரைவர் அன்வர், ராயப்பேட்டைக்காரர். தி. நகரில் என் நாத்தனார் கமலா ஏறிக்கொண்டாள். திண்டிவனம், விருத்தாசலம் வழியாக ஏறக்குறைய இருநூற்றெழுபது கிலோமீட்டர். பதினொரு மணிக்குச் சேர்ந்தோம். பேட்டாவோடு இரண்டாயிரத்து நூறு ரூபாய்.

"இன்னாம்மா, கடற்கரைன்னு சொல்லிக்கினு வந்தீங்க. ஒரே முள்ளுக்காடா கீது!" என்றார் அன்வர்.

"ஏழு கோடி வருஷம் லேட்டா வந்திருக்கோம்" என்றேன்.

ஆனால் கடல் காலடியில்தான் இருந்தது. கல்லாகிப்போன சிப்பிகள், சுருள் சுருளான ஓடுகள். அந்தப் பழைய கரையோரம் நடமாடிய விலங்கின் எலும்பு, முழங்கை நீளத்தில், புகைப்படத்தில் இருந்தபடியே கிடந்தது. தொப்பி இருந்த இடத்தில் என் குடையை வைத்துப் பார்த்தேன். எலும்பைத் தொடவில்லை. வெயில் தாங்காமல் வண்டிக்குத் திரும்பி ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தேன். அதுதான் தப்பாயிற்று.

இரவு எட்டு மணிக்குத் தி. நகரில் கமலாவை இறக்கிவிட அன்வர் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு சாக்கு. அதற்குள் இருபது முப்பது ஓடுகள். அவற்றின் நடுவே அந்த எலும்பு.

"கொலுவுல பார்க் கட்டறதுக்கு, மன்னி. எலும்பை மலையா வச்சு, மேல முருகரை உட்கார வச்சா எடுப்பா இருக்காதா?"

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு அந்தம்மா சொல்லிச்சு" என்றார் அன்வர்.

நான் படித்த கான்வென்ட்டில் அடுத்தவள் பென்சிலைத் தொட்டாலே முட்டியில் ஸ்கேல் விழும். அப்படி வளர்ந்த நான் வந்த வண்டியில் இது!

"அங்க கேட்பாரத்துக் கிடக்கறது, மன்னி. நாலு எடுத்தா என்ன கொறஞ்சுடும்?"

"எங்க கிடந்ததுன்னு தெரியாத எலும்பு வெறும் கல்லுடி. உங்கண்ணா இருந்திருந்தா உன் வாசப்படி மிதிச்சிருக்க மாட்டார்."

சாக்கை எடுக்க விடாமல், அன்வரிடம் டிக்கியை மூடச் சொன்னேன்.

மறுநாள் காலை நாலரைக்கு அதே வண்டி, அதே மூவர். ஓடைக்கரையில் குழி அப்படியே இருந்தது. ஆனால் எலும்பின் எந்தப் பக்கம் மேலே இருந்தது? கமலா ஒன்று சொன்னாள், அன்வர் வேறொன்று சொன்னார். கைப்பையிலிருந்து என் கணவரின் புகைப்படத்தை வெளியே எடுத்தேன். அதில் தொப்பிப் பக்கம் ஒரு விரிசல் தெரிந்தது. அதைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் எலும்பு குழியில் அழுந்தி உட்கார்ந்தது.

ஓடுகளை எங்கெங்கே பொறுக்கினாள் என்று கமலாவுக்கு நினைவில்லை. அரை மணி நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, வெயிலில் நின்று அழுதாள்.

போகிறவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கேமரா கொண்டுபோங்கள். மழைக்காலம் வேண்டாம். அங்கே நான் பார்த்தவரை வேலியும் இல்லை, காவலும் இல்லை. நம் கைதான் காவல். புறப்படும் முன் உடன் வந்தவர்களின் பைகளைத் திறந்து பாருங்கள், நாத்தனாராக இருந்தாலும். அந்த ஓடுகள் இன்னும் மயிலாப்பூரில் என் அலமாரியில், அதே சாக்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் புகைப்படம் இல்லை.