கணவரை 'டாக்டர்' என்று அழைத்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மயிலாப்பூரை விட்டுத் தியாகராய நகருக்குக் குடிபோனோம். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். தெருவுக்கு நாலு வீடு தேறினால் அதிகம். "காட்டுல போய் யாருக்கு வைத்தியம் பார்க்கப் போறாராம், நரிக்கா?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். என் கணவர் டாக்டர். வீட்டு முன்னறையில்தான் நோயாளிகளைப் பார்ப்பார். அந்த அறைக்கு வாசல் பக்கம் ஒரு கதவு, கூடத்துப் பக்கம் ஒரு கதவு.

அவர்மேல் எனக்கு ஒரு தீராத மனக்குறை. யார் எப்படி அழுதுகொண்டு வந்தாலும், "பேர் என்ன, வயசு என்ன, எப்போலேருந்து?" என்று ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் மாதிரி கேட்பார். காய் நறுக்கிக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டு எரிச்சல்படுவேன். ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "இது தொழில். தொழிலைச் சுத்தமாப் பண்ணினாப் போறாதா?" என்றார். வைத்தியம் தெய்வத் தொண்டு என்று சொல்லித்தான் என் அப்பா என்னை இவருக்குக் கொடுத்தார். நன்றாகப் பார்த்தார் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் எங்கள் பெண்ணுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. நாலு வயது நிறையவில்லை. தொண்டைக்குள் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கிற நோய். அந்த நாளில் அது வந்த வீட்டில் அடுப்பு எரியாது. மருந்து ஊசியைக்கூட இவர் தன் கையால் போடவில்லை. மயிலாப்பூரிலிருந்து டாக்டர் நண்பர் ஒருவரை வரவழைத்துப் போடச் சொன்னார்.

"ஊரார் குழந்தைக்கெல்லாம் ஓடறேளே, சொந்தக் குழந்தையைத் தொட மாட்டேளா?" என்று சண்டை பிடித்தேன்.

"என் கை எனக்குத் தெரியும்" என்றதோடு சரி.

மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கழுத்துக் குழி உள்ளே போயிற்று. தெருமுனை ஜட்காக்காரரை நண்பர் வீட்டுக்கு அனுப்பினோம். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. அவரும் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். ஜட்கா தனியாகத் திரும்பி வந்தது.

"டாக்டரு ஊட்ல இல்லம்மா. அடையாறு பக்கம் போய்க்கீறாராம். நான் அங்கியே போய் இட்டாந்துடறேன்" என்று வண்டியைத் திருப்பினார் ஜட்காக்காரர்.

அடையாறு போய் வரும்வரை குழந்தை தாங்காது என்று எனக்கே தெரிந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அடைப்பு முற்றினால் கழுத்தில் துளை போட்டு வெள்ளிக் குழாய் செருகினால்தான் மூச்சு வரும் என்று நண்பர் முதல் நாளே சொல்லியிருந்தார். "நீங்களே பண்ணுங்கோ" என்று என் கணவர் காலில் விழுந்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். கிடுகிடுவென்று நடுங்கியது. முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்துக் கதவைத் தள்ளினேன். கத்திகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படி வராதே. வாசல் வழியாத் தூக்கிண்டு வா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

குழந்தை சாகக் கிடக்கும்போது வாசலென்ன, கொல்லையென்ன? மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று திட்டிக்கொண்டே வெளியே ஓடி, வாசல் கதவால் நுழைந்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோம்மா. குழந்தை பேர் என்ன?"

என்னைத்தான் கேட்டார். அவர் கண்ணில் என்னைத் தெரிந்த சாயலே இல்லை. நான் பேரைச் சொன்னேன். "வயசு?" சொன்னேன். "எப்போலேருந்து திணறல்?"

"மத்தியானத்துலேருந்து, டாக்டர்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து 'ஏன்னா' என்பதற்கு மேல் அவரை எதுவும் கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தை எப்படி வந்ததோ தெரியாது. அதைச் சொன்ன பிறகுதான் அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தது. தன் பெண்ணின் கழுத்தில் அவரால் கத்தி வைக்க முடியாது. யாரோ ஒருத்தியின் பெண் என்றால் முடியும். அந்த யாரோ ஒருத்தியாக நான் நிற்க வேண்டும்.

"தலையை அசையாமப் பிடிச்சுக்கோங்கோம்மா. நீங்க பார்க்க வேண்டாம்."

பிடித்துக்கொண்டேன். பார்க்கவும் பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை. குழாய் வழியே சீட்டியடித்த மாதிரி காற்று உள்ளே போயிற்று. குழந்தையின் உதட்டில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவர் குழாயை நாடாவால் கட்டினார், கை கழுவினார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் சுவரோரமாகத் தரையில் அப்படியே சரிந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நண்பர் வந்து சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்ததும் பிறகு எடுத்ததும் நண்பர்தான். இவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வைத்தியம் தொண்டா, தொழிலா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் இருப்புக்கொள்ளாது, எழுந்து போய்விடுவேன். அவர் தொழில் என்று சொன்னாரே, அது இல்லாவிட்டால் என் பெண் இல்லை. அதைச் செய்வதற்காக அந்த மனிதர் தன்னிடமிருந்து எதைப் பிய்த்து அப்பால் வைத்தார் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். சில நாள் சாப்பிட உட்கார்ந்தும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். முன்பானால் கோபித்துக்கொள்வேன். இப்போது மோரை ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கிறேன்; அன்றைக்கும் வேறு எவள் குழந்தைக்கோ அந்நியராக நின்றுவிட்டு வந்திருக்கிறார், எங்கள் மனிதராகத் திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.