வறுத்த பார்லியின் வாசனை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் என் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் என் மனைவி, "கம்பெனில லேப்ல இருக்காரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அதில் பொய் இல்லை. பாண்டி எல்லைக்குள் இருந்த ஒரு சின்ன பீர் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில்தான் இருந்தேன். புளிப்பு, சர்க்கரை, ஆல்கஹால் எல்லாம் அளப்பேன். ஆனால் அங்கே எனக்கு மதிப்பு வந்தது அளவுகளால் இல்லை. தினமும் மதியத்துக்கு முன்னால், பசி வயிற்றைக் கிள்ளத் தொடங்கும் நேரத்தில், கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவேன். மோந்து பார்த்து, இரண்டு வாய் குடித்து, இது வெளியே போகலாம், இது கூடாது என்று சொல்வேன். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, வெண்ணெய் வாடை, வேகவைத்த சோளத்தின் வாடை என்று பீர் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. என் மூக்கு அவற்றைத் தப்பவிட்டதில்லை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மச்சான். என் மனைவியின் அண்ணன். துறைமுகத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, வேதியியல் படித்து, அதே ஆலையில் பீர் காய்ச்சும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். சுனாமி அலை வந்தபோது அவர்கள் வீடு போய்விட்டது. கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் அவர் அம்மா இருந்தாள். மச்சான் அதற்கப்புறம் கடலைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் பீரைப் பற்றித்தான்.

ஆலை முதலாளிக்கு ஆர்கானிக் என்ற சொல் எங்கிருந்தோ காதில் விழுந்தது. பாண்டிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் பூச்சிமருந்து படாத பொருளுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு பீர் செய்ய முடியுமா என்று மச்சானைக் கேட்டார். மச்சான் அந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தவர்போல, அயர்லாந்துக்காரர்கள் குடிக்கும் கறுப்பு பீரைச் செய்வோம் என்றார். டிரை ஸ்டவுட். டிரை என்றால் குடித்து முடித்தபின் நாக்கில் இனிப்பு துளியும் மிஞ்சக்கூடாது. முளைகட்டாத பார்லியைக் கறுக்க வறுத்துச் சேர்ப்பதுதான் அதன் உயிர். அந்த வறுவலில்தான் நிறமும் கசப்பும் வாசனையும் வரும்.

வடக்கே மலையில் விளைந்த ஆர்கானிக் பார்லி மூட்டை மூட்டையாக வந்தது. வறுக்க எங்களிடம் எந்திரம் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காப்பிக்கடையில் கொட்டை வறுக்கும் உருளை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாடகைக்கு எடுத்து மச்சானே நின்று வறுத்தார். முதல் முறை சாம்பல் ருசி. இரண்டாவது முறை பயந்து சீக்கிரம் இறக்கிவிட்டார், பொட்டுக்கடலை மாவு கரைத்ததுபோல இருந்தது. மூன்றாவது முறை வாசனை நன்றாக வந்தது, ஆனால் முந்திரிக்கொட்டை சுடும்போது வரும் புகைபோல அடித்தொண்டையில் ஒரு காரல் நின்றது. நான் ஒவ்வொரு முறையும் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு முகம் வாடும். மறு ஞாயிறு திரும்பவும் உருளைக்கு முன்னால் நிற்பார்.

நான்காவது முறை செய்ததை நாங்கள் இருவரும் மட்டும் ருசி பார்த்தோம். ஜில்லென்று குடித்தால் வாசனை அடங்கிப்போகும் என்பதால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தோம். குவளையைச் சாய்த்து ஊற்றினேன். நுரை தவிட்டு நிறத்தில் எழும்பி, அடர்த்தியாக, உடையாமல் நின்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது கறுப்புக்குள் ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு. மோந்தேன். அப்போதுதான் அரைத்த காப்பித்தூள், அடியில் பிடித்த சோற்றின் பொருக்கு, அதற்குக் கீழே மழை நனைத்த மரம்போல ஏதோ ஒன்று. குடித்ததும் முதலில் லேசான புளிப்பு, பின்னால் கசப்பு, கடைசியில் நாக்கு சுத்தமாகக் காய்ந்துபோனது. உடனே இன்னொரு வாய் கேட்டது.

"சொல்லு மாப்ள" என்றார் மச்சான்.

"ஒன்னும் சொல்றதுக்கு இல்ல மச்சான்."

"குறை இல்லாமயா இருக்கும்?"

"தேடிப் பாத்துட்டேன். இல்ல."

அவர் குவளையை வாங்கி மிச்சத்தைக் குடித்துமுடித்தார். ஆர்கானிக் என்பதற்கு நாக்கில் தனி ருசி எதுவும் இல்லை. அது மூட்டையில் ஒட்டிய சீட்டோடு சரி. ஆனால் அந்தக் கறுப்பு பீர் நல்ல பீர். அவ்வளவு நல்ல பீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

பாண்டியில் சில ஓட்டல்கள் அதை வாங்கத் தொடங்கின. வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் விழுந்தேன்.

சிதம்பரத்தில் இருந்த என் அம்மாவைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம். புதுச்சத்திரம் தாண்டி சாலையில் வைக்கோலைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அதன்மேல் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, நான் பின்மண்டை தரையில் பட மல்லாந்து விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. கடலூர் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எல்லாரும் தப்பித்தது பெரிய விஷயம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மனைவி வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். வாயில் வைத்தேன். உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, காரம் சுட்டது. மீன் இல்லை. குழம்பே இல்லை. வெந்நீரில் உப்பும் மிளகாயும் புளியும் கரைத்ததுபோல இருந்தது.

"நல்லா இல்லையா?" என்றாள்.

"இன்னிக்கி வாசனையே வரலயே, நீ எதனா போடாம விட்டுட்டியா?"

அவள் தட்டைத் தன் முகத்தருகே கொண்டுபோய் மோந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெரு முழுக்க மணக்குதுங்க" என்றாள்.

சிதம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் என் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு சீசாவாக மூக்குக்குக் கீழே காட்டினார். என்ன வாசனை என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்தது. இல்லை. அடுத்தது. அப்போதும் இல்லை. கட்டை அவிழ்த்தபின் பார்த்தால் மேஜையில் காப்பித்தூள், கிராம்பு, கற்பூரம், எலுமிச்சைத் தோல் எல்லாம் வரிசையாக இருந்தன. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் விழுந்த அடியில் அறுந்திருக்கும் என்றார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

மனைவியைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மச்சான் கண்டுபிடித்துவிட்டார். குவளையை நான் மோந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது என்றார். என்னைக் கொதிகலன் பக்கம் கூட்டிப்போனார். அங்கே சத்தத்தில் வேறு யாருக்கும் பேச்சு கேட்காது.

"சுத்தமா வரலயா?"

"வரல மச்சான்."

"வெளிநாட்டுக்கு அனுப்ற சரக்கு அடுத்த வாரம் டேஸ்டிங். மொதலாளியும் ஒக்காருவாரு. அவுரு உன் வாயத்தான் பாப்பாரு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீயா ஒன்னும் சொல்லாத. நான் மொதல்ல சொல்றேன், நீ அதயே சொல்லு. வாசனை எப்டியும் திரும்பி வந்துடும்."

நான் தலையாட்டினேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த நாள் வந்தது. முதலாளி மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். மச்சான் ஊற்றினார். நுரை முன்புபோலவே நின்றது, ஓரத்துச் சிவப்பும் இருந்தது. கண்ணுக்கு எல்லாம் சரி. மோந்தேன். குவளைக்குள் காற்றுதான் இருந்தது. குடித்தேன். கசப்பு, புளிப்பு, பிறகு நாக்கு காய்ந்தது. வெண்ணெய் வாடை அடித்திருந்தாலும், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

"எனக்கு ஓகேதான்" என்றார் மச்சான். "வறுவல் நல்லா வந்துருக்கு. வெண்ணெய் வாடை இல்ல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

மச்சான் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு சொற்கள் வந்தன. "சார், விழுந்ததுலேருந்து எனக்கு வாசனை தெரியல. நான் சொல்றத வச்சி அனுப்பாதீங்க" என்றேன்.

மச்சான் தன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நல்லவர். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாளே என்னைச் சரக்கு ஏற்றும் பகுதிக்கு மாற்றினார். சம்பளம் குறையவில்லை. பெட்டிகளை லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை.

அதற்குப்பின் ருசி பார்க்கும் மேஜையில் முதலாளியே உட்கார ஆரம்பித்தார். அவருக்கு அந்தக் கசப்பு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதால்தான் பொறுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இனிப்பு சேர்க்கலாமே என்றார். மச்சான் மறுத்தார். பிறகு கொஞ்சம் சேர்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம். வெளிநாட்டுக்குப் போன மாதிரிகளுக்குப் பதில் வரவில்லை. பாண்டி ஓட்டல்களும் ஒவ்வொன்றாக நிறுத்தின. ஒரு நாள் மிச்சமிருந்த கறுப்பு பீரைச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நுரையும் கறுப்புமாக ஓடியது. கூலியாட்கள், "காப்பி வாசனை தூக்குது" என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் மச்சான் என்னிடம், "ஒரு வாரம் வாய மூடிட்டு இருந்துருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். நான் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அவர் பெங்களூருக்குப் போனார். அங்கே சின்னச் சின்ன பீர் ஆலைகள் திறக்கத் தொடங்கியிருந்தன. நானும் கொஞ்ச நாளில் விலகி, சிதம்பரத்துக்கே குடிபோய் அங்கே ஒரு உரக்கடையில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தேன். மருத்துவர் சொன்ன வருடம் முடிந்தது. இன்னொரு வருடமும் போயிற்று. நெல்லிக்குப்பம் வழியாக பஸ்ஸில் போகும்போது கரும்பாலை நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மனைவி கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அடுப்பு அணைந்து வீடு முழுக்க கேஸ் பரவியிருந்தது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப்பின் அடுப்பு எரியும்போது என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போவதில்லை.

புயல் வந்து கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு, தன் அம்மா வீட்டுக் கூரையைச் சரிசெய்ய மச்சான் வந்தார். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் முன் சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். முடி நரைத்திருந்தது. பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு சீசாக்களை எடுத்தார்.

"அங்க செய்றேன் மாப்ள. பழைய ரெசிபிதான். இனிப்பு கெடயாது" என்றார்.

மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இரண்டு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் அவள் அதை அனுமதித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் ஊற்றினார். நான் பழக்கத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். பழக்கத்தில் மோந்தேன். மெதுவாகக் குடித்தேன்.

"புளிப்பு அளவா இருக்கு" என்றேன். "கசப்பு முன்ன விட கொஞ்சம் ஜாஸ்தி. நாக்கு நல்லா காயுது. நுரை அருமை."

"அப்பறம்?"

"அவ்ளோதான் மச்சான். எனக்கு வர்றது அவ்ளோதான்."

அவர் தலையை ஆட்டினார். வாசனை எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இருவரும் புயலில் விழுந்த பலாமரங்களைப் பற்றியும் ஓட்டு விலையைப் பற்றியும் பேசினோம். இரண்டாவது சீசாவைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசலில் தங்கையிடம், "அவர நல்லா பாத்துக்க" என்றார். என்னிடம் வரேன் மாப்ள என்றார். அதற்குப்பின் கல்யாணம், கருமாதி என்று பார்த்துக்கொண்டதோடு சரி.

அவர் போனதும் டம்ளர்களை நானே எடுத்துப்போய்க் கழுவினேன். சோப்பு போட்டுத் தேய்த்து, மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாங்கி மோந்து பார்த்தாள்.

"இன்னும் அடிக்குது" என்றாள்.

திரும்பக் கழுவினேன். திரும்பக் கொடுத்தேன்.