நான் விழாத குளியலறை

கால் முறிந்தது வயல் வீதியில். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருத்தம் பார்க்க வந்த எல்லோருக்கும் உம்மா சொன்ன இடம் குளியலறை.

“பாத்ரூமுல வழுக்கிட்டாகா. புதுசாப் பதிச்ச டைல்தானே, தண்ணி பட்டா கால் நிக்காது” என்பார். வந்தவர்கள் ஹோலில் உட்கார்ந்து, ஸ்டூலில் நீட்டியிருக்கும் என் பிளாஸ்டர் காலைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். தோடம்பழப் பையையும் பிஸ்கட்டையும் மேசையில் வைப்பார்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சேரும் என்பார்கள். பிளாஸ்டருக்கு மேலே தடவித் தொழுகைக்கு வுளூ எடுப்பது பற்றி ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். நான் ஈர்க்கிலைப் பிளாஸ்டருக்குள் விட்டுச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தப் பொய்யில் ஒரு சிக்கல் இருந்தது. என்னை வயலிலிருந்து ஏற்றி வந்தது ஒரு லேண்ட் மாஸ்டர் உழவு மெசின். அறுவடைக் காலம். பின்பெட்டி நிறைய நெல்மூடை, மூடைகளுக்கு மேல் நான், எனக்குப் பக்கத்தில் முன்சில்லு வளைந்த என் சைக்கிள். பெரிய வீதியால் வந்து, சந்தையைத் தாண்டி, பள்ளிவாசல் மூலையில் திரும்பி ஊர்வலம் போலத்தான் வீடு வந்து சேர்ந்தோம். பார்க்காதவர் யாரும் இருந்தால் அவர் அன்று ஊரிலேயே இருந்திருக்கமாட்டார்.

வேலைக்குப் போகும்போது விழுந்திருந்தால் உம்மா மறைத்திருக்கமாட்டார். நாட்டில் பெற்றோல் இல்லாத காலத்தில், நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போவதற்காக வாங்கிய சைக்கிள் அது. அப்போது ஊரே சைக்கிளில் போனது. கணக்கு டீச்சரான நானும் போவதை யாரும் ஒரு கதையாக எடுக்கவில்லை. பெற்றோல் வந்ததும் மற்ற டீச்சர்மார் ஸ்கூட்டிக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அது போதாதென்று, விடுமுறை நாட்களில் விடியற்காலை சுபஹு தொழுததும் அபாயாவின் ஓரத்தை உடுப்புக் கிளிப்பால் இறுக்கிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக மேற்கே போவேன். மூச்சு வாங்கும் வரை மிதிப்பேன். கொக்குகள் எழும்பும். திரும்பி வருவேன். அவ்வளவுதான். உம்மாவுக்குப் பொறுக்க முடியாததும் அதுதான். கலியாணப் பேச்சு வரும் வயதில் ஒரு பெண்பிள்ளை எங்கே போனாள் என்று யாரும் கேட்டால், சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். என்னிடம் அப்படி ஓர் இடம் இல்லை.

நெல் வெட்டு மெசின் ஏறி இறங்கி உடைத்த மதகின் ஓரப் பள்ளத்தில்தான் விழுந்தேன். தவறு அந்தப் பள்ளத்தினுடையது. என்னுடையதென்று இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பாடசாலையைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். பெறுபேறு வந்தபோது என் பெயரைப் பதாகையில் எழுதிச் சந்தியில் கட்டினார்கள். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் போகிறவர் வருகிறவரை நிறுத்தி அதைக் காட்டினார். அப்படி ஊருக்குக் காட்டிய மகளை இப்போது குளியலறைக்குள் ஒளித்தார்.

சைக்கிளையும் குசினிக்குப் பின்னால் தள்ளி, கிழிந்த படங்கு ஒன்றால் மூடிவிட்டார்.

“வெள்ளிக்கிழம பழைய இரும்புக்காரன் வருவான். குடுத்திருவம்.”

“அது என்ட சைக்கிள் உம்மா.”

“நீதான் பாத்ரூமுல விழுந்த ஆளாச்சே. உனக்கு என்னத்துக்குச் சைக்கிள்?”

அவர் சிரிக்கவில்லை. குளியலறையை நான் ஒத்துக்கொண்டால் சைக்கிளும் அந்த வீதியும் போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாப்பா மேசன். அந்தக் குளியலறை டைல் அவர் கையால் பதித்தது. ஊர் வழக்கப்படி எனக்குச் சீதனமாகக் கட்டிய வீடு இது. கூலி வேலை முடிந்து வந்த பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதித்து முடித்தார். உம்மா அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் எழும்பி வெளியே போய்விடுவார்.

வியாழன் பின்னேரம் அடுத்த தெரு மாமி வந்தார். அவர் புதுவீடு கட்டுகிறார். டைல் வேலையை வாப்பாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் வாப்பாவும் அன்று பிளேன்டிக் கோப்பையோடு கதவடியில் நின்றார். உம்மா வழக்கமான கதையைச் சொல்லி முடித்ததும், மாமி எழும்பிப் போய்க் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வழுக்கத்தான் செய்யும் போல மச்சி. இஞ்சருங்க காக்கா, என்ட ஊட்டுக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும் போல. எனக்கும் முழங்கால் சரியில்ல” என்றார் வாப்பாவிடம்.

வாப்பா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவர் உம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“டைல்ல ஒண்டுமில்ல மாமி” என்றேன். “நான் சைக்கிள்ல விழுந்த. வயல் றோட்டுல.”

“சும்மா இரி” என்றார் உம்மா.

மாமி என்னைப் பார்த்தார். “எங்க போன மகள்?”

“எங்கையும் போகல்ல. சும்மா சைக்கிள் ஓடின. கால் சரியானா இன்னும் ஓடுவன்.”

“ம்ம். நெல்லு மூடைக்கு மேல உன்னக் கொண்டு போகக்குள்ள நானும் வாசல் கடப்படியிலதானே நிண்ட.”

“மறுவா என்னத்துக்கு டைலக் குறை சென்னீங்க?” என்று உம்மா கேட்டார்.

“நீங்கதானே மச்சி சென்ன, வழுக்குது என்டு. உங்கட ஊட்டுல வந்திருந்து, நீங்க செல்றதப் பொய் என்டு நான் செல்லேலுமா?”

வாப்பா சிரித்துவிட்டார். பிறகு குசினிப் பக்கம் போனார். படங்கை இழுக்கும் சத்தம் கேட்டது. சில்லு வளைந்து உருட்ட முடியாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“எங்க வைக்கிற மகள்?”

“இஞ்ச, என்ட கதிரைக்குப் பக்கத்துல.”

“ஹோலுக்குள்ளயா?” என்றார் உம்மா. “வாற ஆக்கள் பாக்கமாட்டாங்களா?”

“பாக்கட்டும்.”

சேறு காய்ந்த சில்லோடு சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அன்றிரவு உம்மா சூப் கோப்பையைக் கொண்டுவந்து சத்தம் கேட்க வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஜும்ஆ முடிந்த கையோடு உம்மாவின் தங்கை, என் சாச்சி, வந்தார். மேசையில் இடமில்லாததால் தோடம்பழப் பையைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவினார்.

“எப்பிடிகா புள்ள விழுந்த?”

நான் வாய் திறப்பதற்குள் உம்மா சொன்னார்: “சைக்கிள்ல. டைலெல்லாம் நல்லாத்தான் இரிக்கி.”

“எங்க போகக்குள்ள?”

உம்மா என் பக்கம் தலையை ஆட்டினார். “அவட்டயே கேளு.”

“எங்கையும் இல்ல சாச்சி” என்றேன்.

அந்நேரம் தெருவில் பழைய இரும்புக்காரரின் மணிச்சத்தம் கேட்டது. உம்மா எழும்பினார். சைக்கிளைக் கடந்து குசினிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அடி ஓட்டையான வாளி ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு கடப்படிக்கு நடந்தார்.