நூற்றிருபத்தெட்டாக எழும்பியவன்

கல்லுத் தரையில் கிணறு வெட்டினேன். கரண்ட் இல்லாத சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி அயலுக்கே றேடியோ கேட்க வைத்தேன். பழைய இரும்பில் தண்ணீர் இறைப்பு மெஷின் பூட்டி விற்று, அரியாலையில் மாடி வீடு எழுப்பினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தவை இவை. நம்பாதவர் வந்து பார்க்கலாம்.

இப்போது என் மகள் பழைய காலத்துப் பாணியில் புதிதாக ஒரு கணினி செய்திருக்கிறாள். தட்டும் பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம்; டீவியில் கொழுவினால் ஓடும். பெயரின் வாலில் ஓர் எட்டு. ஏன் எட்டு என்று கேட்பவர்களுக்கு, அதன் செயலி ஒரு தடவையில் எட்டு பிட் தூக்கும், அதனால்தான் என்கிறாள். சரியான விடை. அந்த விடைக்குள் சின்ன வயதிலேயே இருந்து எழும்பியவன் நான்.

கப்பலில் வேலை பார்த்த சின்ன மாமா அப்படியொரு பெட்டியோடு வந்து இறங்கினார். அதன் பெயரிலும் எட்டு. எங்கள் புகையிலைக் கொட்டில் கிடைத்தால் அங்கே கணினி வகுப்பு வைக்கலாம், இனிக் கப்பலேறத் தேவையில்லை என்பது அவர் ஆசை. கொட்டில் என்னைப் பெற்ற ஐயாவுடையது. ஐயா பெட்டியின் பெயரை ஒருதரம் பார்த்தார்.

"எட்டு மட்டும் எண்ணுற பெட்டிக்கோ நான் கொட்டில் விடுறது? என்ரை விரலே பத்து, மச்சான்."

"அத்தான், அது எண்ணுற அளவில்லை. ஒரே நேரத்திலை எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்யிற மாதிரி. பொறுங்கோ, காட்டுறன்."

முற்றத்தில் எங்களை, மச்சான் மச்சாள்மாரோடு எட்டுப் பேரை, வரிசையாக இருத்தினார். கணக்கில் கெட்டிக்காரியான பெரிய மச்சாள் வலக்கரையில்; அவள் எழும்பினால் ஒன்று. அடுத்தவன் இரண்டு, அதற்கடுத்தவன் நாலு. இப்படி இரட்டித்துக்கொண்டே போய், வாத்தியாரிடம் நாளும் குட்டு வாங்கும் நான் இடக்கரையில் நூற்றிருபத்தெட்டு. ஆளுக்கு ஒரு பிட்; எழும்பாமல் இருந்தால் எவருக்கும் பெறுமதி இல்லை.

"சொல்லுங்கோ அத்தான், ஒரு இலக்கம்."

"இருநூறு."

மாமா மூன்று தலைகளைத் தொட்டார். நான் எழும்பினேன், அறுபத்துநாலு எழும்பியது, எட்டு எழும்பியது. ஐயா விரல் மடித்துக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். சரியாக இருநூறு! எல்லோரும் எழும்பியபோது இருநூற்றைம்பத்தைந்து.

"அதுக்கு மேலை ஒண்டு?" என்றார் ஐயா.

எழும்ப ஒன்பதாம் ஆள் இல்லை; மாமா எங்கள் எல்லோரையும் இருத்திவிட்டார்.

"பாத்தியே, படுத்திட்டுது!"

"உங்கடை வண்டிலிலை ஏறாத சுமையை என்ன செய்வியள்?"

"இன்னொரு நடை அடிப்பன்."

"இதுவும் அப்பிடித்தான், அத்தான். ஒரு நடைக்கு எட்டு. எத்தினை நடையும் போகும்."

ஐயா மடியிலிருந்து கொட்டில் பூட்டின் திறப்பை எடுத்தார்.

"கொட்டில் புகையிலை நெடி. பெட்டி தும்மாதெண்டால் கொண்டுபோய் வை."

மாமா பிறகு கப்பலேறவில்லை. நானோ பல காலம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன். என்னிடம் ஏதோ பெரிய சங்கதியைக் கண்டுதான் மாமா அந்தக் கரையில் இருத்தினார் என்று நினைப்பு. பெறுமதி இடத்துக்குத்தான், ஆளுக்கல்ல. அங்கே மச்சாள் இருந்திருந்தாலும் அதே நூற்றிருபத்தெட்டுத்தான் என்பது அப்போது விளங்கவில்லை. அது கிடக்கட்டும். அந்த இடத்தில் எழும்பியவன் நான். எட்டுக்கு விளக்கம் சொல்லும் இடமெல்லாம் மகள் இதையும் சொல்ல வேண்டும். ஐயாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மாமா என்று மட்டும் சொன்னால் போதாது. என் பெயரைப் போட்டே சொல்ல வேண்டும்.