இரும்புலியூரிலிருந்து கோவளம்: பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட கதை

சின்னப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வழி கேட்டு, ஆசிரியைகள் சிலர் பின்னூட்டம் இட்டிருந்தீர்கள். 2008 பிப்ரவரியில் நான் போய்வந்ததைச் சொல்கிறேன். வழி சுலபம்தான். மிச்சத்தையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் இரும்புலியூரில் ஒரு சின்னப் பள்ளியில் யூ.கே.ஜி. ஆசிரியை. பள்ளி என்பது ஒரு மாடி வீடு. விளையாட இடம் என்றால் ஸ்கூட்டர்கள் நிற்கும் முன்வாசல்தான். ‘நம் உடல்’ பாடம் வந்தபோது முட்டி, தோள், இதயம் எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய சார்ட்டில் காட்டினேன். "ஓடினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "மிஸ் திட்டுவாங்க" என்றது ஒரு குழந்தை. அன்றைக்கே முதல்வரிடம் போய் நின்றேன். அரை மனதாகச் சம்மதித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பியது. பதினாறு குழந்தைகள், நான், பள்ளி ஆயா. வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மணி நேரம் ஆகும். வேன் வாடகை ஆயிரத்து இருநூறு. நடுவில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது, இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பிளாஸ்டிக் பை மறக்காதீர்கள்.

"மேடம், பசங்கள தண்ணியாண்ட வுடாதீங்க. அலை இஸ்துகினு பூடும்" என்றார் ஓட்டுநர். கரையேற்றி வைத்திருந்த படகுகளைத் தாண்டக் கூடாது என்று எல்லை போட்டோம். ஒற்றைக் காலில் நின்று, எந்தச் சதை முதலில் வலிக்கிறது என்று தொட்டுக் காட்டினார்கள். நண்டு மாதிரி நடந்தார்கள். பிறகு, படகுவரை ஓடிப் போய் நெஞ்சில் கை வைக்க வேண்டும்.

நித்திலா வகுப்பில் வாயே திறக்காத பெண். அவள்தான் எல்லோரையும் முந்தினாள். நெஞ்சில் கை வைத்தவள் மிரண்டு போய்க் கத்தினாள்: "மிஸ், உள்ள யாரோ தட்றாங்க!"

பக்கத்தில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்மணி சிரித்துவிட்டார். "இன்னா ஓட்டம் ஓடுது பாரு! எங்க வூட்டுக்கு இட்டுகினு பூடட்டா?"

நித்திலா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இன்னொரு தடவை மிஸ்" என்றாள். பதினோரு மணிவரை ஓடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நித்திலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா முதல்வர் அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"எப்படி வறுத்து அனுப்பியிருக்காங்க பாருங்க மேடம். ஏற்கெனவே கலர் கம்மி. இத்தனை நாள் கடலைமாவு தேய்ச்சதெல்லாம் ஒரே நாள்ல போச்சு."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்ங்க. ஆனா அவ எவ்வளவு நல்லா ஓடினா தெரியுமா?"

"ஓடி என்ன மிஸ் ஆகப்போகுது? என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க காபி டம்ளரக்கூடத் தொடாம எழுந்து போயிருக்காங்க. ஒரு தடவை இல்ல. அது என் பொண்ணுக்கு வேணாம்." அவர் குரல் உடைந்தது.

எனக்கு வந்த கோபம் அப்படியே அடங்கிவிட்டது. நித்திலா தன் அரைக்கைச் சட்டையை இழுத்து இழுத்து முழங்கையை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே அவுட்டிங் எல்லாம் வேண்டாம் மிஸ். அதான் சார்ட் இருக்கே" என்றார் முதல்வர். இன்னும் இரண்டு அம்மாக்கள் போன் செய்திருந்தார்களாம். முன்வாசலில் பிள்ளைகளை விடுவதும் அந்த வாரத்தோடு நின்றது.

சில நாள் கழித்து, இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே நிழலில் ஒண்டி நின்ற நித்திலாவை, வாசல் வெயிலில் நின்றபடி கை நீட்டிக் கூப்பிட்டேன்.

"வேணாம் மிஸ். கறுத்துடுவேன்."

அழவில்லை. ரைம்ஸ் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நான் நடத்திய எந்தப் பாடமும் அவளுக்கு இத்தனை சுத்தமாக மனப்பாடம் ஆனதில்லை.

நீங்கள் போவதென்றால் ஐந்தரைக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தொப்பி, குடிதண்ணீர், மாற்றுத்துணி வேண்டும். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது கூட வரட்டும். இன்னொரு வேன் பிடிக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, அம்மாக்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். கரையில் உட்கார்ந்து பை காவல் காக்க அல்ல. அவர்களும் ஒரு தடவை ஓடட்டும்.